தரைத்தளம்

வாஷியில் ஏறியபோதே
ஜன்னலோரம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.
நான் நின்றிருந்தேன். அவள் கைபேசி
என் இடுப்புயரத்தில், சத்தமில்லாமல்.
அடுத்தவர் திரையைப் பார்க்கக் கூடாதுதான்.
ஹார்பர் லைனில் காலை எட்டே முக்காலுக்கு
வேறெங்கே பார்ப்பது, சொல்லுங்கள்.

ஒரு பழைய லிஃப்ட். மடக்குக் கம்பிக்கதவு.
கேமராவை யாரோ தரையில் வைத்துவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
வெட்டு இல்லை. முகம் இல்லை.
லிஃப்ட் இறங்குகிறது,
மாடிகள் மேலே போகின்றன.

ஐந்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளே யாரோ
ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள்.
அந்த நீலம் கலந்த வெள்ளை கம்பிகளில் வழுக்கி
தரையில் சாய்சதுரங்களாக விழுந்து நகர்கிறது.
நான்கில் கதவடியில் ஒரு கோடு மட்டும்,
மஞ்சளேறிய வெள்ளை, விளக்கோ குண்டு பல்போ.
மூன்றில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்:
ஏணி, இரண்டு கணுக்கால்கள்,
காய்ந்த பாதிச் சுவர்,
காயாத பாதி கொஞ்சம் சாம்பலாக.
இரண்டு முழுக்க வெயில்.
அதற்குள் ஒரு புறா, வாலை மட்டும் காட்டி.
முதல் மாடியின் விளிம்பு தெரிந்ததும்
அவள் கட்டைவிரல் தள்ளிவிட்டது.
குக்கர் கேஸ்கெட் மாற்றுவது எப்படி.

செம்பூரில் இறங்கினேன்.

என் வேலை பல். டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள்,
நாங்கள் பீங்கானில் செய்து கொடுப்போம்.
மேஜையில் பதினாறு வெள்ளைகள்
ஒரு சட்டத்தில் வரிசையாகத் தொங்கும்.
பி-ஒன் கேட்பவர்களுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.
சி-ஃபோரை யாரும் கேட்பதில்லை,
ஆனால் பக்கத்துப் பல் அதுவாகத்தான் இருக்கும்.
பதினோரு வருடமாக
வெள்ளையிலிருந்து வெள்ளையைப் பிரிக்கிறவள் நான்.
முப்பது நொடிக்குள் நான்கு வெள்ளைகளை
ஒன்றோடொன்று ஒட்டாமல் இறக்கிக் காட்டிய ஆள் யார்?
தரைத்தளத்தில் என்ன இருந்தது?

"வாட்ச்மேன் இருந்திருப்பான்," என்றாள் சுலபா,
கடைவாய்ப் பல்லிலிருந்து தூசியை ஊதிக்கொண்டே.
"வாட்ச்மேன், ஒரு ஸ்டூல், மூன்று சைக்கிள்.
வேறென்ன இருக்கும்?"

இரவு தேடினேன். பெயர் தெரியாத ஒன்றை
எந்த வார்த்தையால் தேடுவது?
லிஃப்ட் கம்பி வெளிச்சம். லிஃப்ட் புறா.
தமிழில், இந்தியில், தெரிந்த மராத்தியில்.
லிஃப்ட் ரிப்பேர் கம்பெனிகள் வந்தன,
வருடச் சந்தாவில் இருபது சதவீதம் தள்ளுபடி என்றன.
நான் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடி.
விடாமல் துரத்தின.

வேறு சிலவும் கிடைத்தன, அதையும் சொல்ல வேண்டும்.
உப்பளத்து வரப்பில் நடப்பவனை விட்டுவிட்டு
அவன் நிழலை மட்டும் எடுத்த ஒன்று.
மழைநாள் டாக்சிக்குள்ளிருந்து ஒன்று:
வைப்பரின் ஒவ்வொரு வீச்சுக்கும்
எதிர்க்கடை திறந்தது, கரைந்தது.
நல்லவைதான்.
பசி வேறு இலையில் இருந்தது.

தேடுவதை விட்ட பத்தொன்பதாம் நாள்
கழிமுகப் பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டபோது,
லிஃப்ட் ரிப்பேர் விளம்பரத்துக்கு அடுத்ததாக
அதுவே வந்தது.
ஃபிரிட்ஜ். கோடு. ஏணி. புறா.
முதல் மாடியின் விளிம்பு.
கரண்ட் போகிறது.

அவ்வளவுதான். இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கியபடி
பதினோரு நொடி இருட்டு.
முடிந்துவிட்டதென்று தள்ளியிருக்கிறாள், பாவம்,
நானும் தள்ளியிருப்பேன்.

முதலில் தார். பிறகு
கம்பி இருக்கும் இடம் மட்டும் கத்தரிக்காய்த் தோல்.
அதற்கப்புறம் கீழேயிருந்து
ஈரம் சுவரில் ஏறுவதுபோல் ஏதோ ஒன்று,
அதற்குப் பெயர் தெரியவில்லை.
கறுப்புக்கு எங்களிடம் சட்டம் கிடையாது.
எண்ணிப் பார்த்தேன். ஆறுவரை பிரிந்தது.

பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதில் பதினேழு நான்.
பதினெட்டாம் முறை இயர்ஃபோனை மாட்டினேன்.
இருட்டின் கடைசி நொடியில்
மிகப் பக்கத்தில் ஓர் இருமல்.
ஆள் உள்ளேயே இருந்திருக்கிறார்,
ஐந்தாம் மாடியிலிருந்து,
கேமராவுக்குப் பின்னால் குந்தி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

சுலபாவின் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னேன்.
இரண்டு முறை கேட்டாள்.
"வாட்ச்மேன்தான்," என்றாள்.