எத்தனை

சனிக்கிழமை இரண்டரைக்கு
மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அரசரடி பஸ்ஸுக்கு ஓடுகிற என்னைப் பார்த்து
"இன்னைக்கு எத்தனை?" என்பார்
சிம்மக்கல் டீ மாஸ்டர்.
ஜெயிப்பார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.
எத்தனை, அவ்வளவுதான்.

ஆறு வாங்கிய நாளும் உண்டு.
நாலாவது கோலுக்கு அப்புறம்
எங்கள் கோல்கீப்பர் தவசி
வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து
டவுசரில் துடைத்துத் தருவான்,
இரவல் வாங்கிய பாத்திரத்தைக்
கழுவித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

முதலில் நான் பந்துக்காகப் போகவில்லை.
ஒளிக்க என்ன இருக்கிறது,
லெஃப்ட் பேக் ஆரோக்கியதாஸின்
முழங்கால் தழும்புக்காகப் போனேன்.
ஒரு ஐப்பசி முழுக்க
அவன் த்ரோ எறிகிற கோட்டோரமே நின்றேன்.
அடுத்த சீசனில்
ஷூவும் சம்பளமும் தருகிற டீமுக்குப் போய்விட்டான்.
"நீயும் அங்கிட்டு வந்துரு, நெழலா இருக்கும்" என்றான்.
உண்மைதான். அந்தப் பக்கம் வேம்பு இருக்கிறது.
நான் வெயிலிலேயே நின்றுகொண்டேன்.
ஏன் என்று அப்போது தெரியாது.
இப்போதும் முழுசாகத் தெரியாது.

செல்லூர் பிரதர்ஸ்.
பதினோரு பேரில் யாருக்கும் யாரும்
அண்ணன் தம்பி கிடையாது.
ஜெர்சி ஒரு காலத்தில் நீலம்.
பாதிப் பேர் தறியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள்.
காதுக்குள் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும்,
ஆஃப்சைடு விசில் கேட்காமல்
கொடிக்கம்பம்வரை தனியாக ஓடித்
திரும்பிப் பார்ப்பார்கள்.
அந்தத் திரும்பிப் பார்க்கிற முகத்தை
நான் யாரிடமும் விவரித்ததில்லை.

மூன்று சீசனையும்
பழைய பில் புக்கின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.
தோல்வி முப்பத்தி நாலு. டிரா அஞ்சு.
வெற்றி என்று தலைப்புப் போட்டு
ஒரு கட்டம், ஸ்கேல் வைத்து அடித்தது.

அது ஒருநாள் நிரம்பப் பார்த்தது.
கடைசி மேட்ச். மூன்று பாயின்ட் வந்தால்
டிவிஷனில் தங்கிவிடலாம்.
மணி மூன்றரை,
உசிலம்பட்டிக்காரர்களைக் காணவில்லை.
ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்தார்.
இன்னும் பத்து நிமிஷம். வாக்ஓவர்.
நான் பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

கேப்டன் சிக்கந்தருக்கு போன் வந்தது.
செக்கானூரணிக்குப் பக்கத்தில் வேன்,
கிளட்ச் வயர் அறுந்து நிற்கிறதாம்.
பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.
பெரிதாக யாரும் எதுவும் பேசவில்லை.
"சரி, எவன் எவன் வண்டில பெட்ரோல் கெடக்கு?"

ஆறு பைக்.
போகும்போது ஆளுக்கொன்று,
வரும்போது மும்மூன்று பேர்.
அதுவரை ரெஃபரியைப் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்து
உட்கார வைத்திருந்தார் ரொசாரியோ சார்.
"அடப் பாவிகளா, பேசாம இருந்தா ஜெயிச்சிருப்பீங்களேடா"
என்று வந்து இறங்கிய உசிலம்பட்டி கோச்சே தலையில் அடித்துக்கொண்டார்.
தவசி கிளவுஸை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"ஆடத்தானண்ணே வந்தோம்."

மூன்றுக்கு ஒன்று.
எங்கள் ஒன்று விழுந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.
அடித்தது யார் என்று
நாலு பேருக்குள் இன்னமும் வழக்கு நடக்கிறது.
உசிலம்பட்டிக்காரர்களை
ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது
இரண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"எத்தனை?" என்றார் மாஸ்டர்.
"மூணு" என்றேன்.
ஒரு மாதிரி சிரித்தபடி வந்ததைப் பார்த்து
டம்ளரைக் கழுவாமல் நிறுத்தினார்.
எங்கே ஆரம்பித்துச் சொல்வது?
டீ ஆறிவிடும்.

அடுத்த சீசன் கீழ் டிவிஷன்.
கிரவுண்ட் சமயநல்லூர் தாண்டி எங்கேயோ,
இரண்டு பஸ் மாறணும்.
ஷட்டரை ஒன்றரைக்கே இறக்கணும்.
நிழல் இருக்கிறதா என்று
நான் விசாரிக்கவில்லை.