பத்தாவது ஆள்

பாகாயத்தில் ஏறிக் காட்பாடியில் இறங்கும்
ஒரு ஷேர் ஆட்டோதான் கதை.
ஆறு எபிசோடு. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு நிமிடம்,
நெரிசலில்லாத நாளில் அந்தத் தூரத்துக்கு ஆகும் நேரம்.
டிரைவர் சீட்டின் ஓரத்தில்
ஒரு கால் வெளியே தொங்க உட்கார்ந்து வரும்
பத்தாவது ஆள்தான் நாயகி. பியூலா நடித்தாள்.
கேமரா முதஸ்ஸிர், ஒலி தென்னரசு,
எழுத்தும் வெட்டும் ஒட்டும் நான்.
தயாரிப்பு: முதஸ்ஸிர் விற்ற பைக்.

வெளியிட்ட இரவு யாரும் தூங்கவில்லை.
விடிந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதில் நாற்பது நான்.
பியூலாவின் அம்மா எத்தனை என்று
அவள் கடைசிவரை சொல்லவில்லை.

பகலில் எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
சர்க்கரை, உப்பு, யூரியா,
எந்த எண்ணை அச்சடித்தாலும் பக்கத்தில்
இயல்பு இதிலிருந்து இதுவரை என்று ஒரு வரி வரும்.
அதைப் பார்த்துத்தான்
அசாமிலிருந்து வந்தவர் நாற்காலியில்
சாய்வதும் நிமிர்வதும்.
முந்நூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்
ஒன்றுமே அச்சாகவில்லை.

இன்னொரு கோடும் காட்டுவார்கள்,
வந்தவர் எந்த நொடியில் எழுந்து போனார் என்று.
மேலே தொடங்கிச் சரியும் கோடு.
எனக்குத் தெரிந்த வழித்தடம்தான் அது:
தொரப்பாடியில் நாலு பேர்,
சி.எம்.சி. வாசலில் பாதி வண்டி,
கிரீன் சர்க்கிளில் மிச்சத்தில் மிச்சம்,
பாலாற்றுப் பாலம் ஏறும்போது
டிரைவரும் காற்றும்.

நாற்பத்தேழாம் நொடியில் ஒரு பள்ளம்.
பாலத்தில் தொடங்கித்தான் கதை பின்னால் போகிறது.
பியூலா ஒன்றும் பேசாமல்
மணல்கூட மிச்சமில்லாத ஆற்றைப் பார்க்கிறாள்.
பதினோரு நொடி.
வெட்டிடு என்றான் தென்னரசு.
ஆத்துல தண்ணி வரட்டும், வெட்டறேன் என்றேன்.
(அப்புறம் நாலு நொடி வெட்டினேன்.
அவனிடம் சொல்லவில்லை.)

விளம்பரத்துக்குக் காசில்லை,
விற்க இன்னொரு பைக்கும் இல்லை.
சதுரக் கட்டம் அச்சடித்து
'ஸ்கேன் பண்ணுங்க, கதை ஓடும்' என்று
பதினெட்டு ஆட்டோவில் ஒட்டினோம்.
டிரைவர் முதுகுக்குப் பின்னால்,
கூகுள் பே அட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி.

மறுநாள் கோடு செங்குத்தாய் ஏறியது.
ஐந்நூறு. எண்ணூறு. ஆயிரத்து நாற்பது.
முதஸ்ஸிர் பேரணாம்பட்டு மாமாவுக்கு போன் போட்டு
அந்த பைக்கை வேறு யாருக்கும் தந்துவிடாதே என்றான்.
சராசரியாகப் பார்த்த நேரம்:
நாலு நொடி.

கஜபதிதான் விளக்கினார்,
ஸ்டாண்டில், டயரை உதைத்துக்கொண்டே.
"இருபது ரூபா அனுப்பறதா நெனச்சு
உங்க கட்டத்தைப் புடிக்கறாங்க. பொண்ணு மூஞ்சி வருது.
காசு வந்துச்சான்னு என்னைக் கேக்கறாங்க.
நேத்து ஒருத்தர், உன் சம்சாரமாப்பா, லட்சணமா இருக்காங்கன்றாரு."

கிழித்துவிடுகிறோம் என்றோம்.
இருங்க என்றார்.
"ராத்திரி ஒம்பது மணி. ஒரு அம்மா,
ஷூ கம்பெனி அட்டை கழுத்துல.
காசு குடுக்கத்தான் புடிச்சாங்க. அப்புறம் நிமிரவே இல்ல.
விருதம்பட்டுல எறங்க வேண்டியவங்க
காட்பாடி வந்துட்டாங்க.
எறங்கி, போனைப் பாத்துக்கிட்டே நடந்து போறாங்க.
கூப்பிட்டேன். காதுல ஒயர்.
உங்க படத்தால எனக்கு இருபது ரூபா நஷ்டம்."

தென்னரசு சட்டைப்பையைத் துழாவினான்.
விருதம்பட்டு தாண்டினதுக்கு இன்னொரு பத்து என்றார்.
கொடுத்தோம்.

இரவு கோட்டைத் திறந்து விரலால் அகட்டிப் பார்த்தேன்.
நாலு நொடியில் குப்புற விழும் கூட்டத்துக்கு அப்பால்
தரையை ஒட்டி, மயிரிழையளவு,
ஏதோ ஒன்று இருபத்திரண்டாம் நிமிடம் வரை
போய்க்கொண்டிருந்தது.
அந்த அம்மாவா, பியூலாவின் அம்மாவா,
கோட்டுக்குப் பெயர் கிடையாது.

கணக்கு நோட்டில் வரவுப் பக்கம்
கோடு போட்டதோடு சரி.
செலவில் எழுதினேன்:
பார்வையாளர் ஒருவர், ரூ. 30.