ஆறாம் நாள்

பல் போன குழியில்
இரத்தம் உறைந்து கட்டியாய் உட்கார்ந்திருக்கிறது.
"அதுதான் மூடி, அதுதான் காவல்" என்றாள் டாக்டர் மாரிசோல்.
"புகை கூடாது.
மாத்தேயும் கூடாது ஸுல்மா,
குழல் வைத்து இழுக்கிற எதுவும் கூடாது."

நுவேவா பால்மிராவில் இதைச் சொல்வது
மீனைக் கரையேறி உட்காரச் சொல்வது.
நான் சீட்டு எழுதும் எடைமேடைக்கு வருகிற
ஒவ்வொரு சோயா லாரியிலும்
வெந்நீர்க் குடுவை, சுரைக்குடுக்கை, வெள்ளிக் குழல்.
ஓட்டுநர்கள் ரசீது வாங்கும் கையோடு
ஜன்னல் வழியே எனக்கும் ஒன்று நீட்டுவார்கள்.

முதல் நாள் கொப்பளிக்கவில்லை.
இரண்டாம் நாள் வெதுவெதுப்பான உப்புநீரை
வாயில் நிறுத்தி, தலையைச் சாய்த்து,
துப்பாமல் தானாக வழியவிட்டேன்,
நாற்பத்தெட்டு வயதில் எச்சில் வடிக்கும் குழந்தை.
இழுப்பறையில் இருந்த சிகரெட் பெட்டியை
காவலாளி ஹெபெரிடம் கொடுத்து
ஒளித்து வைக்கச் சொன்னேன்.
நாக்குதான் கேட்கவில்லை.
விரட்ட விரட்ட அங்கேயே போய் நின்றது,
விபத்து நடந்த முனையில் கூட்டம் நிற்பதுபோல.

மூன்றாம் நாள் மாலை அண்ணன் வந்தான்.
நான்கு வருஷம் கழித்து.
என் பெயரில் வாங்கிக் கட்டாமல் விட்ட கடனைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
துறைமுகச் சுவரில் உட்கார்ந்தோம்.
கக்கத்திலிருந்த குடுவையை எடுத்து,
இலைத்தூளை ஒரு பக்கம் சரித்து, நீர் ஊற்றி,
முதல் கசப்பை அவனே உறிஞ்சித் துப்பினான்.
இரண்டாவதை என்னிடம் நீட்டினான்.

இங்கே குடுக்கையைத் திருப்பித் தரும்போது
"கிராசியாஸ்" என்று சொன்னால்
நன்றி என்று பொருளில்லை.
போதும், இனி எனக்கு வேண்டாம் என்று பொருள்.
அதை எப்படிச் சொல்வேன், அவனிடம், அன்றைக்கு?
கன்னத்தைத் தொட்டுக் காட்டியிருக்கலாம்.
காட்டவில்லை.
வாங்கினேன். உறிஞ்சினேன்.
ஏழு முறை.

அன்றிரவு
வாய்க்குள் இன்னொரு வாய் திறந்தது.
காதுவரைக்கும், கண்ணின் பின்புறம்வரைக்கும் கத்தியது.
கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடிக்குக் காட்டிப் பார்த்தேன்.
குழி காலி. அடியில் வெளிறிய எலும்பு.
மாத்திரை இரண்டு, பிறகு இன்னும் ஒன்று,
பிறகு சமையலறைத் தரையின் குளிர்ச்சி.

மாரிசோல் எட்டிப் பார்த்ததுமே கேட்டாள்:
"யாரோடு குடித்தாய்?"
கழுவினாள்.
கிராம்பெண்ணெய் தோய்த்த துணிநாடாவை உள்ளே வைத்தாள்.
வலி ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தது.
"சீழ் இல்லை. மூடி போய்விட்டது, அவ்வளவுதான்.
இனி அடியிலிருந்து சதை ஏறி வரணும்.
அவசரப்படாதே. சர்க்கரை பார்த்தாயா?"
பார்த்தேன். கொஞ்சம் கூட.
ஆக அதுவும் ஒரு தடை.
தூங்காமல் இருப்பதும், ஒரே பக்கமாய் மெல்வதும்,
நாளைக்கு ஒருதரம் விரலால் தொட்டுப் பார்ப்பதும்.
எடைச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டே வந்தேன்.
இடம் போதவில்லை.

தோலில் விழுந்த காயம்
தழும்பு ஒன்றை ரசீதுபோல வைத்துக்கொள்ளும்.
வாய்க்குள் ஏனோ அந்த வழக்கம் குறைவு.
ஈரத்தில், இருட்டில்,
சோற்றுக்கும் பேச்சுக்கும் நடுவே,
யாரும் விடுமுறை தராமலே
வேலை நடக்கிறது.

ஆறாம் நாள் குழியின் ஓரத்தில் இளஞ்சிவப்பு.
அன்றும் வந்தான், குடுவையோடு.
இந்த முறை சொன்னேன்.
"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"
"சொன்னால் எழுந்து போயிருப்பாய்."
ஜன்னலுக்குக் கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது,
அகலமாய், மண் நிறமாய்.

அவன் என் அடுப்பில் இலையைக் கொதிக்க வைத்தான்.
வடிகட்டினான். குழல் இல்லை.
கோப்பையிலிருந்து கோப்பைக்கு
மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினான்.
மேஜையெல்லாம் சிந்தியது.
ஊற்றுவதை நிறுத்தாமல்,
என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"மொத்தம் எவ்வளவு?"

எடைமேடைக்காரி நான்.
கடைசி பெசோ வரைக்கும் சொன்னேன்.