எட்டாம் வரி

விடிகாலை இரண்டுக்கு ரொட்டி அடுப்பு மூட்டப் போகிறவன்
பகல் பதினொன்றுக்குத் தூங்கினால்தான் உண்டு.
சரியாகப் பதினொன்றுக்குத்தான்
என் கூரைமேல் யாரோ செத்துக்கொண்டிருப்பார்கள்,
இத்தாலிய மொழியில்.
நான்கு முறை மோசமாக,
ஐந்தாம் முறை கொஞ்சம் அழகாக.

வூப்பர்டாலில் அந்த வீட்டு மணிப்பலகையில்
லுட்கார்டா ஷெலிகா என்றிருந்தது.
பொறுக்காமல் ஒருநாள் ஏறிப்போய்த் தட்டினேன்.
மனப்பாடம் செய்த ஜெர்மன் வாக்கியத்தை ஒப்பித்தேன்.
தலைசாய்த்துக் கேட்டாள்.
"உங்கள் கோபம் தொண்டையிலேயே நிற்கிறது.
விலாவுக்குக் கீழிருந்து, இன்னொரு முறை."
சொன்னேன். வெட்கக்கேடு,
படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது.
"இப்போது நியாயம் உங்கள் பக்கம்" என்றாள்.
பாடம் மாலை நான்குக்கு மாறியது.

மிச்சம் துணுக்குத் துணுக்காகத் தெரிந்ததுதான்.
பிறந்தது வூட்ஜ் நகரில், நெசவாலைச் சங்குக்குப் பக்கத்தில்.
எண்பத்தொன்று டிசம்பரில்
ஒரேயொரு கச்சேரிக்கு வந்தாள்,
ஒரு பெட்டி, ஒரு கருப்பு உடையோடு.
சனிக்கிழமை வாசித்தாள்.
ஞாயிறு காலை வானொலி சொன்னது,
நாட்டைப் பூட்டிவிட்டார்களாம்.
திரும்பும் டிக்கெட் இன்னும் இருக்கிறது,
இசைப் புத்தகத்தில் பக்க அடையாளமாக.

பத்து வருடம் தனிக்கச்சேரி.
பிறகு வலது மோதிரவிரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
"ஒன்பது பேர் வேலைக்கு வந்தார்கள், ஒருவன் வரவில்லை.
போலந்துக்காரி நான்,
வேலைநிறுத்தத்தை மதிக்கத் தெரியும்."

அதன்பின் ஓபரா அரங்கில் ஒத்திகைப் பியானோ.
அறுபது வாத்தியக்காரர்களுக்கும் பதில் அவள் ஒருத்தி,
கட்டைவிரலில் எக்காளம்,
சுண்டுவிரலில் மழை.
முதல் காட்சியன்று அறுபது பேரும் வந்து குழியில் உட்கார்வார்கள்.
அவளுக்கு அங்கே நாற்காலி இல்லை.

இலவச டிக்கெட் தந்து ஒருமுறை கூட்டிப்போனாள்.
நிகழ்ச்சித்தாளில் அவள் பெயரைத் தேடினேன்.
பொய்முடி தைத்தவருக்கும் கீழே, எட்டாம் வரி.

மூன்றாம் மாடி, தூணுக்குப் பின்னால் இரண்டு இருக்கைகள்.
குளிர்காலம் முழுக்க என் கூரைமேல் செத்தவள்
அன்று மேடையில் சாகத் தொடங்கினாள்.
அந்த உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு நொடி.
பக்கத்தில் லுட்கார்டா மூச்சை இழுத்தாள்.
நானும் இழுத்திருக்கிறேன்,
விலாவுக்குக் கீழிருந்து.
மேலே வந்தது யாருடைய குரலோ.

கைதட்டல் ஓயுமுன் கோட்டை எடுத்துக்கொண்டாள்.
"இரண்டாம் வரியில் ஒரு 'ர'வை விழுங்கிவிட்டாள். நாளை நான்கு மணிக்கு இருக்கிறது."
ஆற்றுக்குமேல் தொங்கிப்போகும் ரயிலில்
எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம்.
மடியில் அவளுடைய ஒன்பது விரல்கள்
எதையோ வாசித்துக்கொண்டிருந்தன.
எனக்கு மாவு பிசைய இன்னும் மூன்று மணி நேரம்.