ஐநூறு ரூபாய்க்கு

கெத்தையில் கல்யாணம் முடிந்து
ஏற்றத்தில் வரும்போது
பதினேழாம் வளைவில் வண்டி விக்கியது.
சோறு சிக்கிய தொண்டை மாதிரி
ஒருமுறை, இன்னொருமுறை.
பிறகு சும்மா நின்றது.

சாவியைத் திருகினால் சுற்றுகிறது,
பற்றவில்லை.
முட்டைக்கோஸ் வேன்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே
என்னைச் சுற்றிப் போனான்.
மழைகூட இல்லை.
மேகம்தான் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது,
அவசரமில்லாத எருமைகளைப் போல.

ஒரு ஜீப் கயிறு கட்டி இழுத்து வந்தது.
மஞ்சூர் பஜாரில் சஃபியுல்லா
பின் சீட்டைத் தூக்கினார்.
குழாயின் ஒரு முனையை டேங்கில் விட்டு
மறு முனையை வாயில் வைக்கப் போனவர்
என் பட்டுச் சேலையைப் பார்த்துவிட்டு
கை பம்ப் எடுத்துவரச் சொன்னார்.
"ஆளில்லேன்னா வாய்தான் மேடம்."

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்
எல்லாம் ஒன்றாகத்தான் இறங்கியது,
கலங்கலாக.
"கொஞ்சம் பொறுங்க."
ஒரு பன் தின்று முடிக்கும் நேரத்தில்
நடுவே கோடு விழுந்தது.
ஃபாக்டரிக் கணக்கில்
மாதக் கடைசியில் நான் போடுவேனே,
அவ்வளவு நேராக.
மேலே வெளிர் மஞ்சள்.
கீழே இரண்டு விரல்கடை
தண்ணீர்.
அடியிலிருந்துதான் உறிஞ்சுமாம் பம்ப்.
மேலே எவ்வளவு மிதந்தால் என்ன.

அன்று காலையில்தான் பெட்ரோல் போட்டிருந்தேன்.
பாட்டிலைத் தூக்கிக்கொண்டு
பங்க்குக்கு நடந்தேன்,
எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டியபடி.
ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மட்டும்
"யாருக்கு டெஸ்ட்?" என்றார்.

பங்க்கில் ருக்கி.
பதினொரு வருடமாக எனக்கு
ஐநூறு ரூபாய்க்குப் போடுகிறவள்.
கத்தினேன். நாலு பைக் நின்று கேட்கிற மாதிரி.
அவள் பேசவில்லை.
நீளக் கோலை எடுத்து
நுனியில் பசை தடவி
தரைக்குக் கீழுள்ள தொட்டிக்குள் இறக்கினாள்,
உதட்டுக்குள் எண்ணினாள், ஏற்றினாள்.
தண்ணீர் பட்டால் சிவக்க வேண்டிய பசை
தடவிய நிறத்திலேயே வந்தது.
அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வண்டி எத்தனை நாளா நின்னுச்சு?"

ஜூனில் நிறுத்தினேன். இது அக்டோபர்.
பஸ்ஸில்தான் எங்களுக்கு டிக்கெட் இல்லையே.

"நிறுத்தறப்போ எவ்வளவு இருந்துச்சு?"

சொல்லக் கூச்சமாக இருந்தது.
முள் எப்போதும் எங்கே கிடக்குமோ
அங்கே.

மூடியின் ரப்பர் வெடித்திருப்பதை
சஃபியுல்லா பிறகு நகத்தால் தூக்கிக் காட்டினார்.
காலி டேங்க் காலியாக இருக்காது என்றார்.
பகலில் மூச்சு விடும்,
ராத்திரி இழுக்கும்.
மஞ்சூரில் ராத்திரி இழுத்தால்
உள்ளே எது வரும்?
குளிர்ந்த தகரம் வியர்க்கும்.
வியர்த்தது வழிந்து அடியில் உட்காரும்.
மழை தன் பங்குக்கு ரப்பர் வழியாக.
நாலு மாதம்
நான் விட்டுவைத்த இடத்தையெல்லாம்
மலை நிரப்பியிருக்கிறது.
பில் இல்லாமல்.

ஃபில்டர், ரப்பர் மூடி, டேங்க் கழுவின கூலி,
இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது.
பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றப் போனேன்.
"அது போய்ச் சேர்ற ஓடையில
கீழ ஆளுங்க குடிக்கிறாங்க,"
பிடுங்கிக்கொண்டார்.
மேலே மிதப்பது நட்டு போல்ட் கழுவ ஆகுமாம்.
கீழே இருப்பதை என்ன செய்வாரென்று
சொல்லவில்லை.

மறுநாள் பங்க்.
ருக்கி என் முகத்தைப் பார்க்காமல்
"ஐநூறா?" என்றாள்.
"ஃபுல்."
குழாய் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.
"நேத்து கத்திட்டேன், ருக்கி..."
"ஜீரோ பாத்துக்கோங்க மேடம்."
பார்த்தேன்.
ஐநூறைத் தாண்டியபோது
அடிவயிற்றில் ஏதோ கழன்றது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.