கதிரையிலிருந்து ஐந்து தரம்

எலுமிச்சை. திறப்பு. கப்பல்.
மூன்றையும் மனதில் வைத்திருங்கோ, பிறகு கேட்பேன்
என்கிறாள் தினுஷி,
தமிழை ஒவ்வொரு படியாய் மிதித்துப் பார்த்து.

கைகளை மார்பில் கட்ட வேண்டுமாம்.
எழும்பி, இருந்து, எழும்பி, ஐந்து தரம்.
அவளுடைய ஃபோனுக்குள் நேரம் ஓடுகிறது.
கீழே காலி வீதியில்
மொரட்டுவ பஸ் ஒன்று யாரையோ ஏசிக்கொண்டு போகிறது.

முதல் தரம் சுகம்.
இரண்டாம் தரம் தொடை கேட்டது, என்ன அவசரம் என்று.
மூன்றில், விழாமல் இருக்க
எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டேன்.

இருபத்தொன்பது வருஷம் ட்ரங்க் கோல் பலகைக்கு முன்னால் இருந்தவள் நான்.
ஒரு இலக்கமும் பாடமாக்கியதில்லை.
தோளுக்குத் தெரியும் ஹட்டன் எவ்வளவு உயரத்தில் என்று,
மாத்தறைக்கு இடுப்பு கொஞ்சம் திரும்ப வேண்டும்.
மன்னாருக்கு எழும்பியே ஆக வேண்டும்;
அப்போது ஒருவரும் எண்ணவில்லை
நாளுக்கு எத்தனை தரம் என்று.

இப்போது சட்டைக் கைக்குள்
கை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.
போன கிழமை ஊறுகாய்ப் போத்தல் திறபடவில்லை.
அதே கிழமைதான்
பக்கத்து வீட்டு மர்ஜானாவை
வேறு ஏதோ பெயரில் கூப்பிட்டேன்.
இரண்டும் ஒன்றா? டொக்டர் சொல்கிறார்,
வேலை செய்யும் தசை மூளைக்கு
என்னவோ அனுப்புகிறதாம்.
யார் முதலில் பேசுவது, யார் கேட்பது
என்று இன்னும் தீரவில்லையாம்.

லைன் இருக்கிறது என்றால் நம்புவேன்.
லைன் கொடுப்பதுதானே என் வேலை.
ஒட்டுக் கேட்டதில்லை.
சரி, சில இரவுகளில் கேட்டேன்.
பேச்சு முடிந்த பிறகும்
இரண்டு பக்கமும் ரிசீவரை வைக்காமல்
மூச்சு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இருபத்து மூன்று வினாடி.
தினுஷி முகத்தை மாற்றாமல் எழுதினாள்.
சொற்கள்?
எலுமிச்சை. திறப்பு.
…துறைமுகம்.
கிட்டத்தான் வந்தீங்கள் என்றாள்.
ஆனாலும் அந்தக் கட்டத்தில்
பூச்சியம் போட்டதைப் பார்த்தேன்.

நாளுக்கு இரண்டு முட்டை, பருப்பு, படி.
முட்டை விற்கிற விலைக்கு! வாங்கினேன், பத்து.
வெள்ளவத்தையில் ஃபிளாட் லிஃப்ட்
வழமைபோல வாயைத் திறந்தபடி செத்திருந்தது.
இறங்கி வந்த வாட்ச்மேன் பையை வாங்கக் கை நீட்டினான்.
கொடுக்கவில்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
காற்றுக்கு விட்ட சதுர ஓட்டைகளில் கடல்.
நெஞ்சு இறங்கும் வரை நின்றேன்.
தூரத்தில், உள்ளே வர இடம் கிடைக்காமல்,
அது நின்றது.

பெயர் தெரியும்.
இப்போது சொன்னால் யார் மார்க் போடுவது.
பையைக் கை மாற்றினேன்.
இன்னும் பதினாறு படி.