ஒட்டுப்பால் காசு

மீனாட்சிபுரத்தில் பஸ் இறங்கி
இரண்டு பாத்திரக் கடை தாண்டினால் அந்தக் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு கஞ்சிராவை வைத்தாள்,
கழுத்தட்டையில் அஜிஷா என்று இருந்த பெண்.
ஒன்று பலா, ஆட்டுத்தோல்.
மற்றது ஃபைபர் வளையம், பிளாஸ்டிக் தோல்.
"யாருக்குக்கா, பிள்ளைக்கா?"
எனக்கு என்றேன்.
என் விரல்களை ஒருதடவை பார்த்தாள்.
பார்க்கட்டும்.
சோப்பு தோற்றுப்போன கறை அது.

முந்நூற்று இருபது மரம்.
பத்தொன்பது வருடமாக வலது கையில் கத்தி.
பட்டைக்குள் எவ்வளவு இறங்கலாம், எங்கே நிற்கவேண்டும்
என்பது அந்தக் கைக்குத் தெரியும்.
மயிரளவு கூடினால் மரத்துக்குப் புண்,
குறைந்தால் பால் கோபித்துக்கொள்ளும்.
மரம் விட்டு மரம் நடக்கும்போது
அதே கை காலி பக்கெட்டில் எதையோ தட்டும்.
ஏழில் அடங்காது, எட்டிலும் நிற்காது.
கல் வழுக்கும் இடத்தில் ஒரு தட்டு கூடிவிடும்.
அதற்கு ஒரு பெயர் இருக்குமா?
அதற்காகத்தான்
ஒட்டுப்பால் விற்ற காசைத் தனியே முடிந்துவைத்தேன்.

பலாவை எடுத்தேன்.
உள்வளைவில் உளி போன தடம், மஞ்சள் ரேகை.
உள்ளங்கைக்குப் பழகிய கனம்.
தட்டினால், தொள தொள.
"மழைல்லா, தளந்து கெடக்கு" என்று
மேசை விளக்கின் அடியில் சூடு காட்டினாள்.
பொறுத்திருந்து மறுபடி தட்டினேன்.
நடுராத்திரிக் கிணற்றில்
தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்,
விழுந்து, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக் அப்படி இல்லை.
தொட்டதும் பேசியது.
கொஞ்சம் கீச்சு, கொஞ்சம் தகரம்,
ஆனால் கேட்டதற்கு உடனே பதில்.

"வெயிலுக்கும் மழைக்கும் இது ஒண்ணுபோல கேக்கும்.
அது இயற்கை, இது செயற்கை.
உங்க இஷ்டம்க்கா."

செயற்கை.
எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை.
ஷீட்டு விலை இறங்கிய காலையெல்லாம்
செயற்கை ரப்பரைத் திட்டித்தான்
நேசையன் சாயா குடிப்பார்.

ஆனால் நான் மட்டும் என்னவாம்?
மரத்தின் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து
உருளையில் கொடுத்து, புகைபோட்டு,
துவைத்த துணி மாதிரித் தொங்கவிடுகிறவள்.
அது இன்னும் மரமா?
மழைக்கு முன்னால் மரம் மரமாகப் போய்
பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுவதும் நான்தான்.

ஆனிச் சாரலிலும் ஐப்பசியிலும்
அந்தப் பாவாடைக்கும் அடங்காத மழை வரும்.
அன்று வெட்டு இல்லை.
எனக்கு ஓய்வென்றால் அதுதான்.
இந்த ஆட்டுத்தோலுக்கும் அன்றைக்குத்தான் ஓய்வாம்.
இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால்
வாசிப்பது யார்?

இதைச் சொன்னதும் அஜிஷா சிரித்துவிட்டாள்.
சிரிப்பிலேயே நூறு ரூபாய் குறைந்தது.
பில்லுக்குப் பெயர் கேட்டாள்.
புஷ்பலீலா.
பலாவை அவள் உறைக்குள் போடும்போது
நான் சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தக்கலை தாண்டியதும் மழை பிடித்தது.
குலசேகரம் வரை விடவில்லை.

மூன்று மணிக்கு விழிப்பு.
வெட்டு இல்லை என்று கூரை சொன்னது.
பழகிய கால் எழுந்துவிட்டது, அதை என்ன செய்ய?
புகைப்புரையில், தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே
கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்தேன்.
கங்கு இன்னும் அணையவில்லை.
முதுகில் உறைத்தது.
அப்போதுதான் பொறிதட்டியது:
இந்தச் சூட்டில்
பலாவும் பேசியிருக்கும்.

சே.

கொஞ்சநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு கல் வழுக்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.
கூடுதலான அந்த ஒரு தட்டு,
அதன் பின்னால் சில்லுகளின் சிணுங்கல்.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.

வீட்டுக்குள்ளிருந்து நேசையன்:
"ஏ பிள்ளே, யாரோ கதவத் தட்டுதாவ,
பாரு."